பொன்பூசணியும் அப்பாவின் ரம்பமும்

அன்பு மகள் லிஜுவானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். எந்த அளவுக்குச் சுகம் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் அளந்து சொல்லப்போகிறேன். நீயும் மாப்பிள்ளை ரஸ்ஸலும் அந்த வின்னிபெக் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. முறிந்த வலது மணிக்கட்டில் போட்ட கட்டைப் பிரித்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, விரல்கள் இன்னும் பேனாவோடு சமாதானமாகவில்லை, நேற்றுக் கொஞ்சம் இன்று கொஞ்சம் என்று நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறாய், நான் மீதியை விழுங்கிவிடுகிறேன், அதனால் பக்கத்து வீட்டுச் சுய்தீ சொன்ன பாதிக் கதையே உன்னிடம் முழுக் கதையாக நின்றுவிட்டது. முப்பத்தோரு வருடம் மதகில் உட்கார்ந்து ஆற்றுத் தண்ணீர் மட்டம் குறித்தவள் நான். தண்ணீர் ஏறியதை எழுதினால் இறங்கியதையும் எழுத வேண்டும், அப்போதுதான் அது கணக்கு. ஆகவே நிதானமாகப் படி, அடுப்பில் எதையும் வைத்துவிட்டுப் படிக்காதே.

சுய்தீ சொன்னது பொய் இல்லை. நம் மாதக் கணக்கில் ஒன்பதாம் மாதம் இரண்டாம் நாள், எக்ஸ்ரே எடுப்பதற்காக ஏழரை மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பாவை ரேடியோ பக்கத்தில் உட்கார வைத்து, கைக்கு எட்டுகிற இடத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்கை வைத்து, அடுப்படிப் பக்கம் போகக் கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போனேன். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தால் வாசலில் சுய்தீ நிற்கிறாள், அவள் கையில் நம் வீட்டுத் துண்டு, துண்டில் ரத்தம். உள்ளே சமையல் மேஜை மேல் ஒரு பொன்பூசணி, நாம் கட்டிலுக்கு அடியில் வைக்கோல் மேல் அடுக்கி வைப்போமே அதில் ஒன்று, காம்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் பிளந்து இரண்டு படகுகள் மாதிரிக் கிடந்தது. உன் அப்பா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடது ஆள்காட்டி விரலில் கட்டு. காயம் இரண்டு சென்டிமீட்டர், ஆழம் அதிகம் இல்லை, தையல் தேவைப்படவில்லை. சுய்தீ மருந்து போட்டுக் கட்டிவிட்டு, தன் கையைக் கழுவுவதற்கு முன்பே உனக்குப் போன் செய்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லவில்லை, அவள் ஓடி வராவிட்டால் அந்தத் துண்டையும் அவரேதான் தடவித் தேடியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் நீ வீடியோவில் வந்தாய். உனக்கு அப்போது விடியற்காலை. முதலில் உன் பூசணிக் கதையைத்தான் சொன்னாய், மறந்திருக்க மாட்டாய்: ரஸ்ஸலின் அம்மா ஒரு காய் கொடுத்தார்கள், அங்கே அதற்கு ஸ்பகெட்டி ஸ்குவாஷ் என்று பெயர், ஒட்டியிருந்த சீட்டில் போட்டிருந்தபடி நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒரு மணி நேரம் ஓவன் அடுப்பில் வைத்தேன், கிண்டினால் துண்டு துண்டாகக் குழைந்து வந்தது, நீ செய்கிற மாதிரி நூலாக ஏன் வரவில்லை அம்மா என்றாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பாவின் விரல் கட்டைப் பார்த்துவிட்டாய், அதற்குமேல் பூசணி எங்கே போயிற்று. "ஒருத்தருக்குக் கண்ணு இல்ல, இன்னொருத்தருக்குக் கையி இல்ல, ரெண்டு பேரும் கத்தியை எடுத்துக்கிட்டு விளையாடுறீங்களா" என்று கத்தினாய். நகரத்தில் நல்ல முதியோர் இல்லம் ஒன்றில் இரண்டு கட்டில் சொல்லி வைத்துவிட்டதாகவும், புத்தாண்டுக்கு வரும்போது படிவத்தைக் கொண்டு வருவதாகவும், எங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றும் சொன்னாய். அப்பா எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டே போய்விட்டார். மறுநாள் காலை கஞ்சி குடிக்கும்போது, "அவ சொல்றது சரிதான் லிங்தீ. நான் இந்த வீட்டுல மூட்டை. மூட்டையை எங்க எறக்கி வெச்சா என்ன" என்றார். கண் மங்க ஆரம்பித்த இந்த இரண்டு வருடத்தில் அவர் கோபப்பட்டிருக்கிறார், டாக்டரைத் திட்டியிருக்கிறார், ரேடியோவை அறைந்திருக்கிறார். அப்படிச் சாந்தமாக ஒருநாளும் பேசியதில்லை.

ஏன் கத்தியை எடுத்தார் என்று நீ கேட்கவில்லை, சுய்தீக்கும் தெரியாது. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் அப்பாவோடு படகில் வேலை பார்த்த பழைய ஆட்கள் கூடிச் சாப்பிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும், முறை வைத்து ஒவ்வொரு வருடமும் ஒருவர் வீடு. போன வருடமே நம் முறை வந்தது, அப்பா தலைவலி என்று சொல்லித் தள்ளிவிட்டார். இந்த வருடமும் தள்ள முடியாது, ஐந்து பேரில் கேப்டன் லுவுக்கு எழுபத்தொன்பது ஆகிவிட்டது. அப்பா விரலை வெட்டிக்கொண்டதற்கு முந்தின நாள் லு போன் செய்து, "டேய் ஹாய்கென், நீ ஒண்ணும் கவலப்படாத. தங்கச்சிக்குக் கை வேற சரியில்ல. சாப்பாடெல்லாம் நாங்களே கட்டிக்கிட்டு வந்துர்றோம். நீ சும்மா உக்காந்திருந்தா போதும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். உன் அப்பா போனை வைத்துவிட்டு, "ஆளை ஏத்துற மாதிரி பேசல, சரக்கை ஏத்துற மாதிரி பேசுறான்" என்றார். நம் தீவில் விருந்தென்றால் பொன்பூசணி நூல்தான் முதல் தட்டு, வீட்டுக்காரர் அதைக் கிளறிப் பரிமாறினால்தான் கோப்பையே தூக்குவார்கள், அது வேறு வீட்டுப் பாத்திரத்தில் வந்தால் விருந்து யாருடையது? அதனால்தான் நான் இல்லாத நேரம் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டிருக்கிறார். சமையல் கத்தி பிடித்துப் பழக்கமில்லாத மனிதர். மூங்கிலைப் பிளப்பது மாதிரி நீளவாக்கில் வெட்டியிருக்கிறார். நீயும் அப்படித்தான் வெட்டினாய். உலகத்தின் இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகள், ஒரே வாரத்தில் ஒரே தப்பு.

வெட்டியதை வீணாக்க மனமில்லாமல் அந்த இரண்டு படகுகளில் ஒரு துண்டைத் தவிர மற்றதையெல்லாம் மறுநாள் இடது கையால் ஆவியில் வேகவைத்தேன். அரை விரல் நீளத்துக்குத் துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது, ஆடு மென்று துப்பிய புல் மாதிரி. அப்பா ஒரு வாய் சாப்பிட்டார், பிறகு தட்டில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "நீ செஞ்சா நீளமா வருமே, இது ஏன் இப்படி?" என்றார். நாங்க குறுக்கே வெட்டுவோம், அதான் என்றேன். "ஏன் குறுக்கே?" என்றார். எல்லாரும் அப்படித்தான் வெட்டுவாங்க என்றேன். "அது பதில் இல்லடி மதகுக்காரி" என்று, வேகவைக்காமல் மிச்சம் வைத்திருந்த அந்தத் துண்டின் வெட்டு விளிம்பை விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போனார், போனார், மேலிருந்து கீழ்வரை போனார், விளிம்பு முடிந்ததும் திரும்பவும் மேலே வந்தார். "இங்க பூரா நுனி நுனியா நிக்குது. தூரிகை மயிர் மாதிரி. எல்லாக் கயிறும் இந்த எடத்துல அறுந்து நிக்குது, உனக்குத் தெரியுதா?" என்றார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன் லிஜுவான். ஐம்பது வருடமாக நான் சமைக்கிற காய். அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. காம்பிலிருந்து நுனிக்கு ஒரு நார்கூட ஓடவில்லை. எல்லாம் காயின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, வரிசை வரிசையாக, ஒன்றை ஒன்று ஒட்டிப் படுத்திருக்கிறது. அப்பா என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, "இது காய் இல்ல. இது சுருட்டி வெச்ச கயிறு. முன்தளத்துல நான் முப்பத்திமூணு வருஷம் சுருட்டினேனே, அதே சுருட்டு. இதைப் போயி நடுவுல கோடாலி போட்ட மாதிரி போட்டிருக்கேன் பாரு" என்றார். அவர் குரலில் இரண்டு வருடமாக நான் கேட்காத ஏதோ ஒன்று இருந்தது.

அடுத்த காயை எடுக்கச் சொன்னார். நான் முடியாது என்றேன், நீ வேண்டுமானால் திட்டிக்கொள் ஆனால் நான் உடனே சம்மதிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள். கத்தியை எடுத்து அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். "கத்தி யாருக்கு வேணும்? வழுக்குற தோலு, உருண்டையான காயி, கத்தி அதுமேல நிக்காது. ரம்பத்தைக் கொண்டா" என்றார். மர ஆப்பு அறுப்பதற்காகப் படகில் வைத்திருந்தாரே சிறிய ரம்பம், பல் பொடிப்பொடியாக இருக்கும், அது. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அவர் ஈரத்துண்டை முறுக்கி வளையமாகச் சுருட்டி மேஜை மேல் வைத்தார், காயை அதன்மேல் உட்கார வைத்தார், பிறகு எத்தனை தள்ளினாலும் அது உருளவில்லை. ஒரு பருத்திக் கயிற்றை எடுத்துக் காயின் இடுப்பில் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். இடது கை கயிற்றுக்கு அந்தப் பக்கம், ரம்பம் இந்தப் பக்கம், ரம்பம் கயிற்றை உரசிக்கொண்டே ஓடும், முடிச்சு பெருவிரலில் இடிக்கும், அதைத் தாண்டிக் கை வராது. நான் பார்த்துச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, கயிறு நேராக இருக்கிறதா. "ஒரு விரல் எடது பக்கம் ஏத்துங்க" என்பேன், ஏற்றுவார். "சரி" என்பேன், அறுப்பார். முதலில் இரண்டு முனைகளையும் எடுத்தார், பிறகு மூன்று விரல் கனத்துக்கு ஐந்து வளையம். இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. நான் இரண்டு நிமிடத்தில் வெட்டுவேன், ஆனால் அவர் அறுத்த வளையங்களை நிறுத்தி வைத்தால் ஐந்தும் ஒரே உயரம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

இனி நீ கேட்டதற்குப் பதில், இதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். முற்றின காயாக எடு, நகத்தால் அழுத்தினால் தோல் பதியக் கூடாது, காம்பு காய்ந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்க் காய்க்குத் தோல் தடிமனாக இருக்கிறது, படத்தில் பார்த்தேன், ரம்பம் இல்லாவிட்டால் ரொட்டி அறுக்கிற பல் கத்தி போதும், அவசரப்படாதே. வளையமாக வெட்டு, நடுவில் இருக்கிற விதையையும் சொதசொதப்பையும் ஸ்பூனால் வழித்துவிடு, தோலை உரிக்காதே, அதுதான் வேகும்போது வளையத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஓவன் வேண்டாம், தண்ணீர் நன்றாகக் கொதித்துப் புகை வந்த பிறகுதான் ஆவித்தட்டில் வை. எத்தனை நிமிடம் என்றுதானே எல்லாரும் கேட்பார்கள். எனக்கே சரியாகத் தெரியாது என்பது அன்றுதான் தெரிந்தது, எப்போதும் வாசனையை வைத்து இறக்குவேன். அப்பா விடவில்லை, சொல்லு சொல்லு என்றார். அதனால் ஒவ்வொரு வளையமாக வைத்துக் கடிகாரம் பார்த்தேன். எட்டு நிமிடத்தில் எடுத்தது நூல் பிரியவில்லை, தோலோடு ஒட்டிக்கொண்டது. பதினான்கில் எடுத்தது குழைந்துவிட்டது. பதினொன்று சரி. குச்சியால் குத்தினால் உள்ளே போக வேண்டும், ஆனால் போகும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதுதான் பதம். எடுத்த உடனே குளிர்ந்த தண்ணீரில் போடு, ஐந்து நிமிடம் தாமதித்தாலும் தன் சூட்டிலேயே வெந்து கெட்டுப்போகும். நாங்கள் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வைத்திருந்தோம், நீ ஐஸ் போட்டுக்கொள்.

இப்போது சொல்லப்போவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். நான் நூல் எடுப்பது குச்சியால், உள்ளே விட்டுச் சுற்றிக் கிளறுவேன், நூல் வரும், பாதி அறுந்தும் வரும், விருந்துக்கு அது போதும். அப்பா குச்சி வேண்டாம் என்றார். சட்டைக் கையை மடித்து, கட்டுப் போட்ட விரலை ஒதுக்கிக்கொண்டு இரண்டு கையையும் பாத்திரத்துத் தண்ணீருக்குள் விட்டார், வளையத்தை உள்ளங்கையில் வைத்து, கன்றுக்குட்டியின் காதைப் பிடித்துவிடுவது மாதிரி மெல்ல மெல்ல அழுத்திச் சுற்றினார். அவர் முகம் எந்தப் பக்கமும் திரும்பவில்லை, எதையோ தூரத்தில் கேட்பது மாதிரி நின்றார். "கயித்தை வெளியிலேருந்து உருவினா முறுக்கிக்கும். உள்பக்கத்துலேருந்து எடுக்கணும்" என்று தனக்குத்தானே சொன்னார். உள்விளிம்பில் பெருவிரல் நகத்தால் ஒரு நுனியைக் கண்டுபிடித்தார், எடுத்தார். வந்தது. ஒரு சுற்று, முழுதாக ஒரு சுற்று, அறுபடாமல், தண்ணீருக்குள் விரிந்து மிதந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. கல் மாதிரிக் கெட்டியாக இருந்த காய், அவர் கைக்குள் தானாகவே ஒப்புக்கொண்டது மாதிரி நூல் நூலாக அவிழ்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் அவர் கையில் வெறும் தோல் மட்டும் நின்றது, வளையல் மாதிரி, காகிதக் கனத்துக்கு, உள்பக்கம் ஒரு இழைகூட ஒட்டவில்லை. பாத்திரம் நிறைந்துவிட்டது. ஒரு வளையத்துக்குள் இவ்வளவு இருந்ததா என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். தையல் டேப்பைக் கொண்டு வந்து நீளமான ஒரு நூலை எடுத்து மேஜை மேல் நீட்டி அளந்தேன், நாற்பத்தொரு சென்டிமீட்டர். தப்பாக இருக்குமோ என்று இரண்டாம் முறையும் அளந்தேன், நாற்பத்தொன்று. யார் இதை உள்ளே சுற்றி வைத்தது? ஒரு மஞ்சள் பூ, இரண்டு மாத வெயில், நம் கால்வாய்த் தண்ணீர், அவ்வளவுதானே போட்டோம். வெளியே ஒரு அடையாளமும் இல்லாமல் இருட்டுக்குள் இத்தனையும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது, நாம் அதன் மேல் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அப்பா, "என்ன நெறத்துல இருக்கு?" என்று கேட்டார். அவர் மறந்திருக்க மாட்டார், ஆனாலும் கேட்டார். மஞ்சள் என்று சொன்னால் போதாது என்று தோன்றியது. "காலையில ஆறு மணிக்கு மதகைத் தூக்குவேனே, தண்ணி கீழ விழும்போது முதல் வெயில் அதுல படும், அந்த நெறம்" என்றேன். "சரி, பாத்துட்டேன்" என்றார். அவருக்குத் தெரியாது என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர், "அழுவாதடி, உப்பு சேந்துடும்" என்றார். அவருக்கு எல்லாம் தெரிகிறது.

ஒன்பதாம் நாள் பதினொன்றரைக்கு நான்கு பேரும் வந்தார்கள். கேப்டன் லு சொன்னபடியே சைக்கிள் வண்டி நிறையச் சாப்பாட்டுப் பெட்டி அடுக்கிக்கொண்டு வந்து இறக்கினார். எங்கள் மேஜை மேல் தட்டு ஏற்கெனவே இருந்தது. அதை எப்படிச் செய்தோம் என்றும் குறித்துக்கொள்: நூலைத் துணியில் கட்டி லேசாகப் பிழி, முறுக்கிப் பிழியாதே, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, அரிசி வினிகர், உப்பு நீங்க ஊறவைத்து, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து மெல்லிசாக நறுக்கிய ஜெல்லி மீன், அங்கே கிடைக்காவிட்டால் வெள்ளரி, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளைக் குவித்து, எண்ணெயைப் புகைய வைத்து அதன் தலையில் ஊற்று, அது சொய்யென்று சத்தம் போடும்போதே கிளறிவிடு. அப்பா எழுந்து நின்று இடது கையால் தட்டின் விளிம்பைத் தொட்டு வைத்துக்கொண்டு, குச்சியை விட்டுக் கிளறித் தூக்கினார். நூல் எழுந்துகொண்டே இருந்தது, அவர் மார்பு உயரத்துக்கு வந்தும் தட்டை விட்டு அடி எழும்பவில்லை. படகின் எஞ்சின் அறையில் வேலை பார்த்த ஷி வாயைத் திறந்தபடி, "அண்ணி, ஒத்தக் கையிலயே இப்படின்னா ரெண்டு கையும் இருந்தா வீட்டையே நூல் எடுத்துருவீங்க போல" என்றார். நான் தொடவே இல்லை, இவர்தான் என்றேன். லு சிரித்தார். "தங்கச்சி, புருஷனை விட்டுக்குடுக்காம பேசுறது நல்ல கொணம்தான், ஆனா இவனை எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும், இவனுக்கு வெந்நி போடத் தெரியாது" என்றார். அப்பா, வேகவைத்து எடுத்து வைத்திருந்த வளையம் ஒன்றை லுவின் கையில் கொடுத்து, "கேப்டன், நீங்க எடுங்க பாக்கலாம். கண்ணைத் தொறந்துக்கிட்டே எடுங்க" என்றார்.

லு எடுத்தார். அறுந்தது. மறுபடி எடுத்தார், அறுந்தது, நடுவில் வளையமே இரண்டாக உடைந்தது. ஷி, "கப்பலைக் கரையில மோதுற மாதிரியே மோதுறாரு பாரு" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், லுவும் சிரித்தார். பிறகு அப்பா பாத்திரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த வளையத்தைத் தண்ணீருக்குள் அவிழ்க்க ஆரம்பித்தார். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. நான்கு கிழவர்களும் பாத்திரத்தைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். புயலில் துறைமேடையே தெரியாத மழையில் இவர் கயிறு எறிவார், அது போய்க் கரையில் படகைக் கட்டும் முளையில் விழும் சத்தம் மட்டும் கேட்கும் என்று லு முன்பெல்லாம் சொல்வார், அந்தக் கயிறு விழுவதற்காக அன்று காத்து நின்ற மாதிரியே நின்றார்கள். தோல் வளையல் அப்பாவின் விரலில் மிஞ்சியதும் லு மூச்சு விட்டார். "ஹாய்கென், நான் அந்தப் பெட்டியையெல்லாம் வண்டியிலயே வெச்சுட்டு வந்திருக்கணும்டா" என்றார். எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள், அரிசி மது இரண்டு ஜாடி காலி. பெட்டிகள் திறக்காமலே திரும்பிப் போயின. மூன்று மணிக்குக் கிளம்பும்போது வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு லு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அடுத்த வருஷம் என் வீட்டு முறை. காய் நான் வாங்கி வெக்கிறேன். காலையிலேயே வந்துரு, ரம்பத்தைக் கொண்டா. லேட்டா வந்தேன்னா படகு போயிடும்." அப்பா, "எந்தப் படகுக்கு நான் லேட்டா வந்தேன்?" என்றார். லு போன பிறகும் வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

லிஜுவான், இதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மா சொல்கிறாள் என்று நினைக்காதே. அப்படி எழுதினால் நானும் சுய்தீ மாதிரி பாதிதான் சொன்னவள் ஆவேன். போன வாரம் அப்பா கால்வாய்ப் படியில் தடுமாறினார், விழவில்லை. என் கையில் இன்னும் நிரம்பிய வாளி தூக்க முடியவில்லை. அடுப்பின் கேஸை மூடினோமா என்று நான் இரண்டு முறை எழுந்து பார்க்கிறேன். படியில் தடுமாறிய பிறகு அவர் வீட்டு வாசலிலிருந்து கிணறு வரைக்கும், கிணற்றிலிருந்து அடுப்படி வரைக்கும் இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறார், கால்வாய்ப் பக்கம் போகிற இடத்தில் பெரிய முடிச்சு, அதைத் தொட்டால் நிற்க வேண்டும் என்று கணக்கு. சுய்தீயின் ஆடு ஒன்று அதில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கத்தியது, அவள் நம் வீட்டுக்கு வருவதற்கே இனிப் படகு டிக்கெட் வேண்டுமா என்கிறாள். நீ புத்தாண்டுக்கு வா. படிவத்தையும் கொண்டு வா, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் நான்கு நாள் இரு. காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுவதைப் பார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் கிணற்றுக்குப் போய் வருவதைப் பார், என் கண்ணையும் அவர் கையையும் வைத்து ஒரு நாளை எப்படி ஓட்டுகிறோம் என்று உட்கார்ந்து பார். மழை நாளிலும் பார், நல்ல நாளை மட்டும் காட்டி உன்னை ஏமாற்ற மாட்டேன். பார்த்த பிறகும் போகத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நாங்கள் இருவரும் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போடுவோம், அப்பாவும் இதற்கு ஒப்புக்கொண்டார், எழுது என்று சொன்னார். கட்டிலுக்கு அடியில் ஏழு காய் இருக்கிறது, நீ வரும்வரை கெடாது.

மற்றபடி இங்கே குளிர் தொடங்கிவிட்டது, சீமைப்பனிச்சை மரத்தில் மேல் கிளைப் பழங்களைப் பறவைகளுக்கு விட்டுவிட்டோம். ரஸ்ஸலின் அம்மாவுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல், அவர்கள் கொடுத்த காய்தான் உன்னைக் கேட்க வைத்தது. அவர்கள் தக்காளிக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறார்கள் என்றாயே, அதையும் ஒருநாள் செய்து பார்க்கிறேன், ஆனால் வெட்டுவது நம் மாதிரி. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், இரண்டு காலுறை போடு.

இந்த உறையில் ஒரு பருத்திக் கயிறு இருக்கும், தூக்கி எறிந்துவிடாதே. அப்பா காயின் இடுப்பில் கட்டியது, துவைத்துக் காயவைத்து அவரே மடித்து உள்ளே வைத்தார். உன் காயைச் சுற்றி இழுத்துக் கட்டு, முடிச்சு உன் இடது பெருவிரல் பக்கம் வரட்டும், கத்தி அந்தப் பக்கம். விரல் முடிச்சைத் தாண்டக் கூடாது என்று மூன்று முறை சொல்லச் சொன்னார், மூன்று முறை சொன்னதாக எடுத்துக்கொள்.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல், கைநிறைய வேலையும் வாய்நிறையச் சிரிப்புமாக இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம்.

உன் அம்மா,
ஷென் லிங்தீ

அப்பாவின் கையெழுத்து அந்தக் கயிற்றில் இருக்கிறது. தொட்டுப் பார்.